தினமும் ஒரு ஊர் வேண்டாம்: மேடவாக்கத்திலிருந்து தனியாக கார் ட்ரிப் போக ‘பேஸ்’ போடுவது எப்படி?

ஐந்து நாள் லீவு, முன்னால் ஒரு வீக்கெண்ட், பின்னால் ஒரு வீக்கெண்ட். மொத்தம் 9 நாள். கார் இருக்கிறது. ஆனால் நண்பர்கள் யாருக்கும் அந்த வாரம் லீவு கிடைக்கவில்லை. “சரி, தனியாவே போயிடலாம்” என்று முடிவெடுப்பவர்கள் பெரும்பாலும் அடுத்து செய்வது, மேப்பைத் திறந்து வரிசையாகப் புள்ளி வைப்பதுதான். புதுச்சேரி, சிதம்பரம், கும்பகோணம், ராமேஸ்வரம், கன்னியாகுமரி, மதுரை, திருச்சி, வீடு.

மேப்பில் பார்க்க அழகாக இருக்கும். ரோட்டில் அது 1,500 கி.மீ.க்குக் குறையாது. தினமும் காலையில் பெட்டி கட்டி, செக்-அவுட் செய்து, ஓட்டி, புது ஊரில் பார்க்கிங் தேடி, ராத்திரி செக்-இன் செய்ய வேண்டும். கூட இன்னொரு டிரைவர் இருந்தால் சமாளிக்கலாம். தனியாகப் போகிறவருக்கு நான்காவது நாளே “எப்படா வீட்டுக்குப் போவோம்” என்று ஆகிவிடும். பிரச்சினை சலிப்போடு நிற்பதில்லை. களைப்போடு ஓட்டுவது ஆபத்து.

இதற்கு ஒரு எளிய மாற்று உண்டு. ஒரு ஊரில் மூன்று, நான்கு இரவு தங்கி, அங்கிருந்து பக்கத்து இடங்களுக்குக் காலையில் போய்த் திரும்புவது. பிறகு அடுத்த ஊருக்கு மாறுவது. தென்சென்னைப் புறநகரில் இருந்து கிளம்புகிறவர் இதை எப்படித் திட்டமிடலாம்?

‘பேஸ்’ முறை என்றால் என்ன?

தங்கும் ஊர் ஒன்று. அதைச் சுற்றி சின்னச் சின்ன வட்டங்களாகப் பயணம். பெட்டி அறையிலேயே இருக்கும். காரில் தண்ணீர் பாட்டில், தொப்பி, பவர் பேங்க் மட்டும். பிடிக்கவில்லையா, மழை வருகிறதா, தூக்கம் வருகிறதா, அன்றைய வட்டத்தை அப்படியே கைவிடலாம். எந்த புக்கிங்கும் போகாது.

தமிழ்நாட்டுக்கு இது புதுசு இல்லை. நவக்கிரகக் கோயில்களைப் பார்க்கப் போகிறவர்கள் கும்பகோணத்தில் ரூம் போட்டுச் சுற்றுவது பல வருஷப் பழக்கம். கும்பகோணத்திலிருந்து ஒரே நாளில் நவக்கிரகத் தலங்களுக்குக் கூட்டிப்போகும் சிறப்புப் பேருந்தை அரசுப் போக்குவரத்துக் கழகமே 2024-ல் தொடங்கியது.

ஆனால் அந்தப் பேருந்தில் ஓட்டுவது வேறு ஒருவர். நீங்கள் ஜன்னலோரம் தூங்கலாம். அதே ஒன்பது கோயிலையும் ஒரே நாளில் தனியாகக் காரில் ஓட்டிப் பார்க்க நினைத்தால், பேஸ் போட்டதன் பலன் போய்விடும். பேஸ் முறையில் முதல் விதி, ஒரு நாளைக்கு ஒரு வட்டம்தான்.

தனியாக ஓட்டுபவருக்கு இது ஏன் முக்கியம்?

காரணம் தூக்கம். மனித உடலுக்கு ஒரு நாளில் இரண்டு நேரம் இயல்பாகவே விழிப்பு குறையும்: அதிகாலை 2 முதல் 6 மணி வரை, மதியம் 2 முதல் 4 மணி வரை. மதியச் சாப்பாடு காரணமா, வெயில் காரணமா என்றெல்லாம் யோசிக்க வேண்டாம். அவை இல்லாவிட்டாலும் உடல் அப்படித்தான்.

இந்த நேரத்தில் ஓட்டும்போது வருவது ‘மைக்ரோ ஸ்லீப்’. கண் திறந்திருப்பது போலவே இருக்கும், மூளை சில விநாடி தூங்கிவிடும். 90 கி.மீ. வேகத்தில் போகும் கார் ஒரு விநாடிக்கு 25 மீட்டர் நகர்கிறது. நான்கு விநாடி என்றால் 100 மீட்டர், ஓட்டுநரே இல்லாமல்.

இரண்டு பேர் போனால் பக்கத்து சீட்டில் இருப்பவர் கவனித்துச் சொல்வார். தனியாகப் போனால் சொல்ல ஆள் இல்லை. பாட்டைச் சத்தமாக வைப்பது, ஜன்னலைத் திறப்பது எல்லாம் சில நிமிடங்களுக்கே உதவும். உண்மையில் வேலை செய்வது, பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி 15 – 20 நிமிடம் தூங்குவது. காபி குடித்தாலும் அதன் பலன் தெரிய 20 – 30 நிமிடம் ஆகும். அதனால் முதலில் காபி, உடனே குட்டித் தூக்கம் என்ற வரிசை சரியாக இருக்கும்.

சம்பளத்துக்கு ஓட்டுபவர்களுக்கே 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் பொதுவாக நாளைக்கு 8 மணி நேரம்தான் வேலை என்றும், 5 மணி நேரத்துக்கு மேல் ஓய்வில்லாமல் வேலை வாங்கக் கூடாது என்றும் வரையறுத்தது. சொந்தக் காரில் ஊர் சுற்றுகிறவருக்கு எந்தச் சட்டமும் மணி பார்க்காது. அந்த வரம்பை அவரே வைத்துக்கொள்ள வேண்டும்.

நடைமுறையில் இப்படி வைத்துக்கொள்ளலாம்:

- பேஸ் மாறும் நாளில் அதிகபட்சம் 5 – 6 மணி நேரம் ஓட்டுதல்.
- வட்டப் பயண நாளில் ஒரு வழி ஒன்றரை மணி நேரம். நம் மாநிலச் சாலைகளில் அது சுமார் 60 – 70 கி.மீ.
- இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை 15 நிமிடம் இறங்கி நடப்பது.
- இருட்டிய பிறகு நெடுஞ்சாலையில் இல்லை.

எந்த ஊரை பேஸாக எடுப்பது?

பார்க்க நிறைய இருக்கிற ஊர் என்பது மட்டும் போதாது. நான்கு விஷயங்களைப் பாருங்கள்.

ஒன்று, 70 கி.மீ. சுற்றளவில் குறைந்தது மூன்று திசைகளில் மூன்று வெவ்வேறு மாதிரியான இடங்கள் இருக்க வேண்டும். மூன்றுமே கோயில் என்றால் இரண்டாவது நாளே போரடிக்கும்.

இரண்டு, ராத்திரி சாப்பாட்டுக்கு நடந்தே போகிற தூரத்தில் ஓட்டல் இருக்க வேண்டும். நாள் முழுக்க ஓட்டியவர் டின்னருக்காக மறுபடியும் காரை எடுக்கக் கூடாது.

மூன்று, மெக்கானிக், பஞ்சர் கடை, மருத்துவமனை, ஏ.டி.எம். உள்ள நடுத்தர ஊராக இருக்க வேண்டும். ரம்மியமான கிராமத்து ரிசார்ட் குடும்பத்தோடு போக நல்லது. பேட்டரி இறங்கிப்போன காரோடு தனியாக மாட்டிக்கொள்ள நல்ல இடமில்லை.

நான்கு, அந்த ஊர் உங்களை அடுத்த பேஸுக்கு நெருக்கமாகக் கொண்டுபோக வேண்டும். போன வழியே திரும்பி வருவது போல அமைந்தால் ஒரு நாள் வீண்.

மலை ஊர்களை முதல் சோலோ ட்ரிப்பில் தவிர்ப்பது நல்லது. கொண்டை ஊசி வளைவும் பனியும் தனிப் பயிற்சி கேட்பவை. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வாகனங்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும் என்ற நடைமுறையும் 2024 மே மாதம் முதல் வந்திருக்கிறது.

முதலில் ஒரு ரிகர்சல்: புதுச்சேரி

9 நாள் லீவு போடும் முன், ஒரு நீண்ட வீக்கெண்டில் சோதித்துப் பார்ப்பது புத்திசாலித்தனம். மேடவாக்கத்தில் இருந்து பெரும்பாக்கம், சோழிங்கநல்லூர், அக்கரை வழியாக ஈ.சி.ஆரைப் பிடித்தால் புதுச்சேரி சுமார் 140 கி.மீ. மாமல்லபுரத்துக்குத் தெற்கே சாலை அகலப்படுத்தும் பணிகள் நடந்துவந்த வழி இது. திடீர் மாற்றுப்பாதைகளை இருட்டில் சந்திக்காமல், வெளிச்சம் வந்த பிறகு போவது நல்லது.

இரண்டு இரவு தங்கினால் நடுவில் ஒரு முழு நாள் கிடைக்கும். அந்த நாளுக்கு செஞ்சி சரியான வட்டம். ஒரு வழி சுமார் 70 கி.மீ. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று மலைகளை இணைத்த கோட்டை. மராட்டிய ராணுவ நிலக்காட்சிகள் என்ற தொகுப்பில் 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. ராஜகிரி உச்சிக்கு ஏறுவதாக இருந்தால் வெயிலுக்கு முன்பே அடிவாரத்தில் இருக்க வேண்டும். அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால், ஆரோவில்லும் 1945-ல் மார்டிமர் வீலர் அகழாய்வு செய்த அரிக்கமேடும் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன.

சோதனை இதுதான்: செஞ்சி போய்த் திரும்பிய அன்று மாலை, கடற்கரைச் சாலையில் ஒரு மணி நேரம் நடக்க உடம்பில் தெம்பு இருந்ததா? இருந்தால் உங்கள் வட்டத்தின் அளவு சரி. அறைக்கு வந்ததும் படுத்துவிட்டீர்கள் என்றால், பெரிய ட்ரிப்பில் ஒரு வழி தூரத்தை 40 கி.மீ. ஆகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

புதுச்சேரி என்றதும் வரும் இன்னொரு விஷயம் மது. இந்தியச் சட்டப்படி 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி. ஆல்கஹாலைத் தாண்டினால் குற்றம். முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதமோ 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். ராத்திரி நிறையக் குடித்துவிட்டு, “தூங்கி எழுந்துட்டேன், இப்ப ஓகே” என்று காலை 6 மணிக்கு ஓட்டுவதும் பாதுகாப்பில்லை. உடலில் ஆல்கஹால் மிச்சம் இருக்கலாம். குடிப்பவர்களுக்கான விதி சுருக்கமானது: மறுநாள் ஓட்டுகிற திட்டம் இருந்தால் அன்று வேண்டாம்.

மேடவாக்கத்தை விட்டு வெளியே வருவதே பாதி வேலை

இந்தப் பக்கம் வசிப்பவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. 2022-ல் மேம்பாலம் திறந்த பிறகும் மெட்ரோ பணி, பள்ளி வேன், கம்பெனி பஸ் எல்லாம் சேர்ந்து மேடவாக்கம் ஜங்ஷன் காலை 8 மணிக்கு என்னவாகும் என்று தெரியும். அதையும் தாண்டி தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர், கிளாம்பாக்கம், கூடுவாஞ்சேரி என்று ஜி.எஸ்.டி. சாலை காத்திருக்கிறது.

தெற்கே போக மூன்று வழிகள் உண்டு:

- தாம்பரம் வழி: வேளச்சேரி – தாம்பரம் சாலையில் நேராகப் போய் ஜி.எஸ்.டி.யைப் பிடிப்பது. காலை 5.30-க்கு முன் கிளம்பினால் இதுதான் எளிது.
- மாம்பாக்கம் வழி: சித்தாலப்பாக்கம், பொன்மார் வழியாக மாம்பாக்கம், அங்கிருந்து வண்டலூர் – கேளம்பாக்கம் சாலையில் வலது பக்கம் திரும்பினால் வண்டலூர். தாம்பரமும் பெருங்களத்தூரும் தவிர்க்கப்படும்.
- திருப்போரூர் வழி: கேளம்பாக்கம், திருப்போரூர் போய், அங்கிருந்து செங்கல்பட்டுக்குத் திரும்புவது. சுற்று அதிகம்தான். ஆனால் விடுமுறைக் கூட்டத்தில் வண்டலூர் முதல் சிங்கபெருமாள்கோவில் வரை ஊர்ந்து போவதற்கு இது மேல்.

வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடித்து அப்படியே கிளம்பும் ஆசையை விட்டுவிடுங்கள். நாள் முழுக்க வேலை பார்த்த களைப்பு, வெளியேறும் டிராஃபிக், பிறகு நெடுஞ்சாலை இருட்டு என மூன்றும் ஒன்றாகச் சேரும். ராத்திரி நன்றாகத் தூங்கி, சனிக்கிழமை காலை 5 மணிக்குக் கிளம்பினால், வெள்ளி இரவே கிளம்பியவர் மறுநாள் மதியம் வரை தூங்கும் நேரத்தில் நீங்கள் ஊர் போய்ச் சேர்ந்திருப்பீர்கள்.

9 நாள் பிளான்: கும்பகோணம் 4, காரைக்குடி 3, திருச்சி 1

இரண்டு பேஸ், திரும்பும் வழியில் ஒரு இரவு நிறுத்தம். மொத்தம் 8 இரவு. வட்டங்களையும் சேர்த்து சுமார் 1,200 கி.மீ.

சனி: மேடவாக்கம் – கும்பகோணம், சுமார் 270 கி.மீ. ஜி.எஸ்.டி. வழியாக விக்கிரவாண்டி, அங்கிருந்து பண்ருட்டி, வடலூர், சேத்தியாத்தோப்பு வழி. விக்கிரவாண்டி – தஞ்சாவூர் நான்குவழித் திட்டத்தில் சேத்தியாத்தோப்பு – சோழபுரம் இடையிலான 50 கி.மீ. பகுதி 2025 ஜூலையில் திறக்கப்பட்டதால், முன்பு பயமுறுத்திய இந்த வழி இப்போது பெரிதும் மாறியிருக்கிறது. காலை டிபனுக்கு ஒரு நிறுத்தம், நடுவில் இன்னொரு நிறுத்தம். மதியச் சாப்பாட்டுக்கு கும்பகோணம்.

இங்கே ஒரு சபலம் வரும். கங்கைகொண்ட சோழபுரம் இந்த வழிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. “வழியிலதானே, பார்த்துட்டே போயிடலாமே?” வேண்டாம். நீங்கள் அங்கே சேரும்போது மதிய வெயில் உச்சியில் இருக்கும், கோயில் நடை சாத்தும் நேரமும் நெருங்கியிருக்கும், ஐந்து மணி நேரம் ஓட்டிய களைப்பு வேறு. பேஸில் இருந்து அது வெறும் 35 கி.மீ. நாளை மறுநாள் புத்துணர்ச்சியோடு வரலாம்.

ஞாயிறு: தாராசுரம், சுவாமிமலை. மொத்தமே 30 கி.மீ.க்குள். நீண்ட டிரைவுக்கு மறுநாள் வேண்டுமென்றே குறைவான தூரம். தாராசுரம் ஐராவதேஸ்வரர் கோயில் 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ராஜராஜன் கட்டியது. 2004-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கூட்டம் கூடும் முன் காலை 7 மணிக்குப் போனால் தூண் சிற்பங்களை ஒவ்வொன்றாக நின்று பார்க்கலாம். மாலையில் சுவாமிமலை, வெண்கலச் சிலை வார்க்கும் பட்டறைகள் உள்ள ஊர்.

திங்கள்: கங்கைகொண்ட சோழபுரம். அணைக்கரை வழியாக கொள்ளிடத்தைக் கடந்து போகும் பழைய சாலையே ஒரு காட்சிதான். முதலாம் ராஜேந்திரனின் தலைநகரில் இப்போது மிஞ்சியிருப்பது கோயிலும் சுற்றிலும் வயலும்தான். திங்கள்கிழமை என்பதால் அமைதியாக இருக்கும்.

செவ்வாய்: தரங்கம்பாடி, ஒரு வழி சுமார் 60 கி.மீ. கோயில்களுக்கு நடுவே ஒரு மாற்றம். மயிலாடுதுறை வழியாகக் கடற்கரைக்குப் போனால் 1620-ல் டென்மார்க்காரர்கள் கட்டிய டேனிஷ் கோட்டை. 1706-ல் சீகன்பால்கு வந்து இறங்கிய ஊர் இது. 1845-ல் டேனிஷ்காரர்கள் இதை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள். ஓட்டுநருக்கு ஒரு குறிப்பு: போகும் வழி கிழக்கு, திரும்பும் வழி மேற்கு. காலை 7 மணிக்குப் போனாலும், மாலை 5 மணிக்குத் திரும்பினாலும் சூரியன் நேராகக் கண்ணில் அடிக்கும். விடியும் முன் கிளம்பி, காலையிலேயே பார்த்து முடித்து, மதியச் சாப்பாட்டுக்கு கும்பகோணம் திரும்புவது சரியாக வரும்.

புதன்: கும்பகோணம் – தஞ்சாவூர் – காரைக்குடி, சுமார் 140 கி.மீ. காலை 6 மணிக்குக் கிளம்பினால் 7-க்கெல்லாம் தஞ்சைப் பெரிய கோயில். 1010-ல் முதலாம் ராஜராஜன் காலத்தில் முடிந்த கோயிலை காலை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, தஞ்சையிலேயே டிபன், பிறகு புதுக்கோட்டை வழியாக காரைக்குடி. பெட்டி காரில் இருக்கும் ஒரே சுற்றிப்பார்க்கும் நாள் இது. அதனால் லேப்டாப், கேமரா எதுவும் வெளியே தெரியாமல் டிக்கியில் வைத்து, கட்டண பார்க்கிங்கில் நிறுத்துங்கள்.

வியாழன்: கானாடுகாத்தான், ஆத்தங்குடி, மாலை பிள்ளையார்பட்டி. எல்லாமே 20 கி.மீ. சுற்றளவுக்குள். ஆத்தங்குடி டைல்ஸ் சூளையில் சுடப்படுவதில்லை. கண்ணாடி மேல் வண்ணக் கலவையை ஊற்றி, சிமெண்ட் சேர்த்து, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைக்கிறார்கள். பட்டறையில் கேட்டால் செய்து காட்டுவார்கள். செட்டிநாட்டு வீடுகள் பெரும்பாலும் தனியார் சொத்து. கதவு திறந்திருக்கிறது என்று உள்ளே போய்விடாமல், கேட்டுவிட்டுப் போங்கள்.

வெள்ளி: சித்தன்னவாசல், திருமயம். மொத்தம் சுமார் 120 கி.மீ. தூரமான சித்தன்னவாசலை முதலில் பார்த்துவிட்டு, திரும்பும் வழியில் திருமயம் கோட்டை. 1687-ல் சேதுபதி மன்னர் கட்டியது. சமணர் குகை ஓவியங்களுக்குப் பாறை ஏற வேண்டும், கோட்டையிலும் ஏற வேண்டும். கால் வலித்தால் ஒன்றை விட்டுவிடுங்கள்.

சனி: காரைக்குடி – திருச்சி, சுமார் 90 கி.மீ. காரைக்குடியில் இருந்து ஒரே மூச்சில் சென்னை 400 கி.மீ.க்கு மேல். அதை உடைப்பதற்குத்தான் இந்த ஒரு இரவு. மாலையில் மலைக்கோட்டை, ராத்திரி சீக்கிரம் தூக்கம்.

ஞாயிறு: திருச்சி – மேடவாக்கம், சுமார் 320 கி.மீ. காலை 6 மணிக்குக் கிளம்ப வேண்டும். மதியம் 1 மணி வாக்கில் செங்கல்பட்டைத் தாண்டினால், மாலையில் மொத்த சென்னையும் ஊர் திரும்பும் நெரிசலில் பரனூர் டோலில் நிற்க வேண்டாம். மதிய வீட்டுச் சாப்பாடு, துணி துவைக்க ஒரு மாலை, திங்கள் ஆபீஸ்.

இந்தப் பட்டியலில் ஒரு விஷயத்தைக் கவனித்திருப்பீர்கள். மதியம் 12.30 முதல் 4 வரை எங்கும் திட்டம் இல்லை. டெல்டாவில் பெரும்பாலான கோயில்கள் அந்த நேரத்தில் நடை சாத்தியிருக்கும். வெயிலும் அதிகம், உடலின் தூக்க நேரமும் அதுவே. தினமும் ஊர் மாறுகிறவர் இந்த மூன்றரை மணி நேரத்தைக் காரில் கழிக்க வேண்டியிருக்கும். பேஸ் போட்டவர் சாப்பிட்டு, அறையில் ஃபேனைப் போட்டுத் தூங்கி எழுந்து, மாலையில் டிகிரி காபியோடு அடுத்த பாதியைத் தொடங்கலாம்.

ரூம் புக் செய்யும் முன் போனில் கேட்க வேண்டியவை

ஆப்பில் ரேட்டிங் பார்த்தாலும், ஓட்டலுக்கு ஒரு முறை நேரடியாகப் போன் போடுங்கள்.

- “கார் பார்க்கிங் உங்க காம்பவுண்டுக்குள்ளேயே இருக்கா, இல்ல தெருவிலயா?”
- “காலையில 5 மணிக்கு வண்டி எடுக்கணும். பின்னாடி வேற வண்டி நிறுத்திடுவீங்களா?”
- “செக்-அவுட் 24 மணி நேரக் கணக்கா, மதியம் 12 மணியா?”
- “நாலு நாள் தொடர்ந்து தங்கினா ரேட் குறையுமா? ஒருத்தர்தான்.”
- “அந்தத் தேதியில கல்யாணம் ஏதாவது இருக்கா?”

கடைசிக் கேள்வி முக்கியம். முகூர்த்த நாளில் கும்பகோணத்திலும் காரைக்குடியிலும் ரூம் கிடைப்பதே கஷ்டம். கிடைத்தாலும் பார்க்கிங் முழுக்கக் கல்யாண வண்டிகள். தேதி முடிவு செய்யும் முன் தினசரி காலண்டரை ஒரு முறை புரட்டுங்கள். கும்பகோணத்தில் கோயில் வீதிகள் குறுகலானவை என்பதால், ஊர் நடுவை விட பைபாஸ் பக்கம் உள்ள ஓட்டல் காருக்கு வசதி.

எலெக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்களுக்கு பேஸ் முறை இன்னும் பொருந்தும். நெடுஞ்சாலையில் சார்ஜருக்காகக் காத்திருப்பது பேஸ் மாறும் நாட்களில் மட்டும்தான். ஓட்டலில் 15 ஆம்பியர் பிளக் பாயிண்ட் பார்க்கிங் வரை எட்டுமா என்று கேட்டுவிட்டால், மற்ற நாட்களின் வட்டத்துக்கு இரவு சார்ஜே போதும்.

செலவு எப்படி?

தனியாகப் போவதில் ஒரு நஷ்டம் உண்டு: ரூம் வாடகையைப் பங்கு போட ஆள் இல்லை. அதைக் குறைக்கவே தொடர் தங்கல் தள்ளுபடி கேட்பது. வீக்கெண்டில் ஏறும் கட்டணம் வார நாட்களில் இறங்குவதும் உதவும்.

லிட்டருக்கு 15 கி.மீ. தரும் பெட்ரோல் காருக்கு 1,200 கி.மீ.க்கு 80 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 8,000 ரூபாய்.

டோலுக்கு ஃபாஸ்டேகில் பணம் இருக்க வேண்டும். அடிக்கடி ஊருக்குப் போகிறவர்கள் ஆண்டு பாஸ் பற்றி யோசிக்கலாம். 2025 ஆகஸ்ட் 15-ல் அறிமுகமானபோது 3,000 ரூபாய்க்கு ஒரு ஆண்டு அல்லது 200 டோல் கடப்புகள், எது முதலில் முடிகிறதோ அது வரை. ராஜ்மார்க் யாத்ரா ஆப்பில் எடுக்கலாம். தேசிய நெடுஞ்சாலை டோல்களுக்கு மட்டுமே செல்லும். மாநில அரசின் கீழ் வரும் சாலைகளில் வழக்கமான கட்டணம்தான்.

சொந்தக் கார் இல்லாதவர்கள் செல்ஃப் டிரைவ் கார் எடுத்தால், நம்பர் பிளேட் கறுப்பில் மஞ்சள் எழுத்தாக இருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளை போர்டு காரைத் தெரிந்தவர் மூலம் வாடகைக்கு எடுப்பது சட்டப்படி சரியில்லை. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் மறுக்கப்படலாம். தினசரி கி.மீ. வரம்பையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தனியாகப் போகிறீர்கள், யாருக்காவது தெரியட்டும்

தினமும் காலை அன்றைய வட்டத்தை ஒருவருக்கு மெசேஜ் அனுப்புங்கள். ஓட்டும் நேரத்தில் லைவ் லொகேஷன் பகிருங்கள். “ராத்திரி 8 மணிக்குள்ள மெசேஜ் வரலைன்னா போன் பண்ணு, எடுக்கலைன்னா ஓட்டலுக்குப் பண்ணு” என்று முன்பே பேசி வைத்து, ஓட்டல் நம்பரையும் கொடுத்துவிடுங்கள். தினம் ஒரு ஓட்டல் என்றால் இதைச் செய்வது குழப்பம். இரண்டு பேஸ் என்றால் இரண்டே நம்பர்கள்.

போனில் சேமிக்க வேண்டியவை: அவசர உதவி 112, ஆம்புலன்ஸ் 108, தேசிய நெடுஞ்சாலை உதவி 1033, பெண்கள் உதவி 181. தமிழ்நாடு காவல்துறையின் ‘காவல் உதவி’ ஆப்பையும் இறக்கி வைக்கலாம். உங்கள் கார் இன்சூரன்ஸில் ரோட் சைட் அசிஸ்டன்ஸ் சேர்ந்திருக்கிறதா என்று பாலிசியில் பாருங்கள். இருந்தால் அந்த நம்பரும். லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று நான்கும் டிஜிலாக்கரில் இருக்கட்டும்.

கிளம்பும் முந்தைய வாரம் வீட்டு வாசலிலேயே ஒரு முறை டயரைக் கழற்றி ஸ்டெப்னியை மாட்டிப் பாருங்கள். ஜாக்கி இருக்கிறதா, ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா, போல்ட்டைத் தளர்த்த உங்களால் முடிகிறதா என்று மூன்றும் தெரிந்துவிடும். அணைக்கரை ரோட்டில் தனியாக நிற்கும்போது தெரிவதை விட இது நல்லது.

அப்படியும் வண்டி படுத்துவிட்டால்? இங்கேதான் பேஸின் பலம் தெரியும். தினமும் ஊர் மாறும் ட்ரிப்பில் ஒரு நாள் தாமதம் அடுத்தடுத்த எல்லா புக்கிங்கையும் கவிழ்க்கும். கும்பகோணத்தில் நான்கு இரவு போட்டவருக்கு, வண்டி மெக்கானிக்கிடம் இருக்கும் நாளில் டவுன் பஸ்ஸில் நாச்சியார்கோயில் போய்வரலாம். ட்ரிப் தொடரும்.

எப்போது போகலாம்?

பொங்கல் கூட்டம் ஓய்ந்த ஜனவரி கடைசி முதல் பிப்ரவரி வரை சிறந்த காலம். ஆனால் டெல்டாவில் சம்பா அறுவடையும் அப்போதுதான். அறுவடை இயந்திரங்கள் சாலையில் ஊரும், சில இடங்களில் சாலையிலேயே நெல் காயும். மெதுவாகப் போங்கள். ஜூலை – ஆகஸ்டில் வெயில் இருந்தாலும் சமாளிக்கலாம். ஏப்ரல், மே மாதங்களில் கோயில் கல்தளத்தில் கால் வைக்க முடியாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. டெல்டாவும் கடலோரமும் முதலில் நனையும் பகுதிகள். கும்பகோணத்தில் மாசி மகம் நாட்களைத் தவிருங்கள். 2016-க்குப் பிறகு அடுத்த மகாமகம் 2028-ல் வருகிறது என்பதையும் மனதில் வையுங்கள்.

சுருக்கமாக

- தினம் ஒரு ஊர் வேண்டாம். 9 நாளுக்கு இரண்டு பேஸ் போதும்.
- பேஸ் மாறும் நாளில் 5 – 6 மணி நேரம், வட்ட நாளில் ஒரு வழி ஒன்றரை மணி நேரம்.
- மதியம் 12.30 முதல் 4 வரை ஸ்டீயரிங்கைத் தொடாதீர்கள். மாறும் நாட்களில் அதற்கு முன்பே போய்ச் சேரப் பாருங்கள்.
- நீண்ட டிரைவுக்கு மறுநாள் குறைந்த தூரம்.
- “வழியிலதானே” என்று எதையும் சேர்க்காதீர்கள்.
- பெரிய ட்ரிப்புக்கு முன் புதுச்சேரியில் ஒரு வீக்கெண்ட் ரிகர்சல்.

பட்டியலில் நான்கு இடம் விட்டுப்போனால் பரவாயில்லை. கும்பகோணம் அடுத்த வருஷமும் அதே 270 கி.மீ. தூரத்தில்தான் இருக்கும்.